தள்ளுபடிப் பணம் யாருடைய பணம்?

(ஜமாஅத்தின் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் மஹல்லாவைச் சேர்ந்தவர்கள் பெரம்பலூரிலும் திருச்சியிலும் துணிக்கடை, செருப்புக்கடை, செல்பேசிக் கடை எனச் சிறிய அளவில் வணிகம் செய்து வருகின்றனர். அவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே. "மொத்த வியாபாரியிடம் நாங்கள் கொள்முதல் செய்யும் விலையைவிடக் குறைத்து, அதையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்களே, அவர்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது?" என்பதே அது. இக்கேள்விக்கு விடை தெரியாத நிலையில் கடைக்காரர் தாமும் விலையைக் குறைத்துக் கைமுதலைக் கரைக்கிறார். இளைஞரோ அதில் ஏதோ பெரிய இலாபம் இருக்கிறது என்று எண்ணி, வீட்டு நகையை அடகு வைத்தேனும் இணையத்தில் விற்கப் புறப்படுகிறார். ஆகவே இவ்வணிகத்தின் வரவு செலவைச் சற்று விரித்துப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

எந்தப் பொருளாயினும், அதன் அடக்க விலைக்குக் கீழே ஒருவர் விற்றால், குறைந்த தொகையை வேறொருவர் ஏற்றுக்கொண்டார் என்பதே பொருள். காற்றிலிருந்து தள்ளுபடி வருவதில்லை. ஏற்றுக்கொண்டவர் யார் என்று கண்டுபிடித்துவிட்டால், அந்த விலையோடு நாம் போட்டியிடலாமா கூடாதா என்பதும் உடனே விளங்கிவிடும்.

சந்தைக்குச் செல்பவர்கள் அறிவார்கள். காலையில் எடை போட்டு விற்ற தக்காளியை மாலையில் கூறு கட்டி வைப்பார்கள். திருப்பி எடுத்துச் செல்லும் வண்டிக் கூலிக்கும் மறுநாள் அழுகலுக்கும் அஞ்சி விற்கும் விலை அது. ஆடித் தள்ளுபடியும் அவ்வாறே. ஆடியில் சுப காரியங்கள் குறைவாதலால் துணி வாங்குவோர் குறைவர். தேங்கிய சரக்கைத் தீபாவளிக்கு முன் கழிக்க வேண்டிய கட்டாயம் கடைக்காரர்க்கு ஏற்படுகிறது. இவ்விரண்டிலும் நட்டத்தை ஏற்பவர் சரக்கின் உரிமையாளர். இதில் வஞ்சகம் ஏதுமில்லை.

இணையத்தில் முதலில் தோன்றிய தினத் தள்ளுபடி வணிகம் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மின்னணுப் பொருள்களை மொத்த வியாபாரம் செய்துவந்த மேட் ரட்லெஜ் என்பவர் 2004ஆம் ஆண்டு ஜூலையில் 'வூட்' என்னும் இணையக் கடையைத் திறந்தார். நாளொன்றுக்கு ஒரே ஒரு பொருள். நள்ளிரவில் பொருள் மாறும்; இடையில் தீர்ந்துவிட்டால் அன்றைய விற்பனை முடிந்தது. புதிய மாடல் வந்ததால் ஒதுக்கப்பட்டவை, பெட்டி நசுங்கியவை, பழுது நீக்கித் தொழிற்சாலையிலிருந்து மீண்டும் வந்தவை ஆகிய சரக்குகளே இத்தகைய கடைக்கு வந்து சேர்ந்தன.

ஒரே பொருள் என்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு புகைப்படம், ஒரு விவரக் குறிப்பு, ஒரே அளவு அட்டைப்பெட்டி, ஒரே வகைக் கட்டு. ஆயிரம் வகைப் பொருளைத் தேடி எடுக்கும் ஆட்கூலி மிச்சம். இன்றைக்கு என்ன பொருள் என்று பார்க்க மக்கள் தாமாகவே நாள்தோறும் வந்ததால் விளம்பரச் செலவும் குறைவு. உற்பத்தியாளர்க்கும் இது உகந்ததாக இருந்தது. ஏனெனில் அந்தக் குறைந்த விலை ஒரே நாளில் மறைந்துவிடும், "எங்களுக்கு ஒரு விலை, அவனுக்கு ஒரு விலையா?" என்று அவருடைய மற்ற டீலர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள். 2010இல் அமேசான் நிறுவனம் இக்கடையை விலைக்கு வாங்கியது.

பிரான்சு நாட்டில் இதற்கும் முன்னரே, 2001ஆம் ஆண்டில், ஜாக்-அந்துவான் கிராஞ்சோன் என்பவர் 'வாந்த் பிரிவே' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் அதற்கு முன்பு பெயர் பெற்ற ஆடை நிறுவனங்களின் தேங்கிய சரக்கை வாங்கிக் கழிக்கும் தொழிலில் இருந்தவர். உறுப்பினராகச் சேர்ந்தவர்க்கு மட்டுமே விலை தெரியும். ஆதலால் அந்நிறுவனங்களின் பெயர் கடைத்தெருவில் மலிவாகவில்லை. இதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. விற்பனை நடக்கும் சில நாள்களில் வாடிக்கையாளரிடம் பணத்தை முதலில் பெற்றுக்கொள்வார்கள். விற்ற எண்ணிக்கை தெரிந்த பின்னரே ஆடை நிறுவனத்திடமிருந்து சரக்கை எடுப்பார்கள். வாங்கியவர் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். தேங்கும் அபாயம் இல்லை, கிடங்கில் முடங்கும் முதல் இல்லை. சரக்குக்குரியவர்க்குப் பணம் கொடுக்க வேண்டிய நாள் வரும்வரை பிறர் பணம் நம் கையில் இருக்கும். முதலின்றி வணிகம் செய்வது என்றால் இதுதான்.

நம் மாநிலத்தில் இத்தகைய சரக்கின் ஊற்று திருப்பூர். ஏற்றுமதி ஆர்டருக்குத் தைக்கும் நிறுவனங்கள், பழுதாகும் பீஸ்களை ஈடுகட்டச் சற்றுக் கூடுதலாகவே துணி வெட்டுவது வழக்கம். பழுது குறைவாக இருந்தால் கூடுதல் பீஸ்கள் மிஞ்சும். சாயத்தில் நிறம் சற்று மாறினாலோ, அளவில் சிறிது பிசகினாலோ, கப்பல் தேதி தவறினாலோ வெளிநாட்டார் சரக்கை ஏற்க மறுப்பதும் உண்டு. அவ்வாறு நின்றுபோன சரக்கு லேபிள் வெட்டப்பட்டு, லாட் கணக்கில் காதர்பேட்டைக்கு வருகிறது. 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' என்று இணையத்தில் காணப்படும் சட்டைகளில் உண்மையாகவே சர்ப்ளஸ் ஆனவை இவ்வாறு வந்தவையே. (உள்ளூர் விற்பனைக்கென்றே தைத்து அப்பெயரைச் சூட்டுவோரும் உளர், அதைத் துணியைத் தொட்டுப் பார்த்தே அறிய முடியும்.) இவ்வகைச் சரக்கில் இணைய நிறுவனத்திற்கு நம்மைவிடப் பெரிய அனுகூலம் ஏதுமில்லை என்பதைக் கடைக்காரர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். அவர் வாங்கும் இடத்தில் நாமும் வாங்கலாம். அவருக்கு உள்ள கூரியர் செலவு நமக்கு இல்லை.

இனி, தள்ளுபடியைச் சிறு கடைக்காரர் தலையில் ஏற்றும் வகையைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 2008 நவம்பரில் 'குரூப்பான்' தொடங்கப்பட்டது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் மக்கள் சேர்ந்தால்தான் சலுகை செல்லும் என்பது அதன் தொடக்க கால விதி. உணவகம், அழகு நிலையம் போன்றவற்றின் கூப்பன்களைப் பாதி விலைக்கு விற்றது. நம் நாட்டில் குணால் பால், ரோஹித் பன்சல் ஆகியோர் 2010 பிப்ரவரியில் தொடங்கிய ஸ்னாப்டீலும் முதலில் இத்தகைய கூப்பன் வணிகமாகவே இருந்தது. அடுத்த ஆண்டுதான் அது பொருள் விற்பனைக்கு மாறியது.

இதன் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஓர் உணவகத்தில் 1,000 ரூபாய்ச் சாப்பாடு. கூப்பனில் 500 ரூபாய். அந்த 500இல் ஏறத்தாழப் பாதியை இணைய நிறுவனம் தன் கமிஷனாக எடுத்துக்கொள்ளும். உணவகத்திற்குக் கிடைப்பது 250. அரிசி, கறி, எண்ணெய் ஆகியவற்றின் அடக்கமே 400 என்றால், ஒவ்வோர் இலைக்கும் 150 ரூபாய் கைவிட்டுப் போகிறது. "இது விளம்பரச் செலவு, வந்தவர் மீண்டும் முழு விலைக்கு வருவார்" என்று சொல்லப்பட்டது. வந்தவர்களில் பலர் அடுத்த கூப்பன் எங்கே என்று தேடிச் சென்றனர்.

இங்கிலாந்தில் ரெடிங் நகருக்கு அருகே ஒரு பெண்மணி கேக் கடை நடத்திவந்தார். 26 பவுண்டு விலையுள்ள ஒரு டஜன் சிறு கேக்குகளை 75 விழுக்காடு தள்ளுபடியில் தருவதாக 2011இல் குரூப்பான் வழியாக அறிவித்தார். வாங்கியவர்கள் 8,500 பேர். அதாவது 1,02,000 கேக்குகள். வெளியாட்களைக் கூலிக்கு அமர்த்தி இரவும் பகலும் சுட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு டஜனுக்கும் இரண்டரை முதல் மூன்று பவுண்டு வரை நட்டம். அந்த ஆண்டின் இலாபம் முழுவதும் அதிலேயே கரைந்தது. எத்தனை பேருக்கு என்று ஓர் உச்சவரம்பு வைக்காததே அவரை வீழ்த்தியது. நம் ஊர்ப் பிரியாணிக் கடைக்காரர்கள் உணவு விநியோகச் செயலிகளில் '50 விழுக்காடு தள்ளுபடி' என்பதற்கு ஒப்புக்கொள்வதற்கு முன், அந்த 50இல் தம் பங்கு எவ்வளவு, நிறுவனத்தின் பங்கு எவ்வளவு, எத்தனை ஆர்டர் வரை என்ற மூன்றையும் எழுத்தில் பார்க்க வேண்டும்.

கூப்பன் வணிகத்தில் இன்னொரு வருமானமும் உண்டு. பணம் கட்டிக் கூப்பன் வாங்கியவர்களில் சிலர் மறந்துவிடுவர், கெடு முடிந்துவிடும். கூப்பன் பயன்படுத்தப்பட்டால் மட்டுமே கடைக்காரர்க்குப் பணம் என்று ஒப்பந்தம் உள்ள நாடுகளில், மறந்தவரின் பணம் இணைய நிறுவனத்திடமே தங்கியது.

மூன்றாவது வகை, முதலீட்டாளர் பணத்தில் கொடுக்கும் தள்ளுபடி. நம் கடைக்காரர்களைத் திகைக்க வைப்பது பெரும்பாலும் இதுவே.

பெரம்பலூர் மாவட்டத்தார்க்கு வெங்காயத்தைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. சின்ன வெங்காய விளைச்சலில் தமிழகத்தின் முன்னணி மாவட்டம் நம்முடையது. பட்டறை போட்டு விலைக்குக் காத்திருப்பதும், விலை வரும் முன் அழுகிப் போவதும் நம்மில் பலர் கண்டவை. 2013 செப்டம்பரில் நாடெங்கும் பெரிய வெங்காயம் கிலோ 60 ரூபாயைத் தாண்டி விற்றபோது, குரூப்பானின் இந்திய நிறுவனம் ஒரு கிலோ 9 ரூபாய் என்று அறிவித்தது. கூட்டம் தாங்காமல் அதன் இணையதளமே செயலிழந்தது. முதல் நாளில் 44 நிமிடங்களில் 3,000 கிலோ விற்றுத் தீர்ந்ததாகச் செய்தி வந்தது.

9 ரூபாய்க்கு வெங்காயம் எந்த வயலில் விளைந்தது? எங்கும் விளையவில்லை. சந்தை விலைக்கு வாங்கி, வீடு கொண்டு சேர்க்கும் செலவையும் ஏற்று, கிலோவுக்கு 80 ரூபாய் நட்டப்பட்டதாக நாமாக ஒரு கணக்குப் போட்டாலும், 3,000 கிலோவுக்கு ஆகும் நட்டம் 2,40,000 ரூபாய்தான். அன்றைய தினம் இந்தியப் பத்திரிகைகளும் வெளிநாட்டுப் பத்திரிகைகளும் அந்நிறுவனத்தின் பெயரை எழுதின. அத்தனை இடங்களிலும் விளம்பரம் கொடுப்பதானால் எத்தனை கோடி ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். விற்கப்பட்டது வெங்காயம் அன்று. வாங்கப்பட்டது வாடிக்கையாளரின் கவனமும் அவருடைய முகவரியும் ஆகும். அந்த விலையைப் பார்த்து ஒரு மளிகைக் கடைக்காரர் தம் வெங்காய விலையைக் குறைத்திருந்தால் அதைவிடப் பேதைமை வேறில்லை.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஜப்பானின் சாஃப்ட்பேங்க் நிறுவனம் 2014 அக்டோபரில் ஸ்னாப்டீலில் மட்டும் 62 கோடியே 70 இலட்சம் டாலர் முதலீடு செய்தது. அத்தகைய பணம் சந்தையைப் பிடிப்பதற்கென்றே தரப்படுவது. செலவழிப்பதே அதன் வேலை. நம் ரஞ்சன்குடிக் கோட்டையை நாள்தோறும் பார்க்கிறோம். முற்றுகையிடும் படைக்கு வெளியிலிருந்து தானியம் வந்துகொண்டே இருக்கும். உள்ளே இருப்பவரின் களஞ்சியம் தீரும்வரை அது காத்திருந்தால் போதும். தினமும் விற்றுத் தினமும் சாப்பிடும் கடைக்காரர், வெளியிலிருந்து தானியம் பெறும் படையோடு விலையில் போரிடுவது வீண்.

ஆனால் தானியம் அனுப்புபவரும் ஒரு நாள் கணக்குக் கேட்பார். ஸ்னாப்டீல் 2015இல் பெருந்தொகை கொடுத்து வாங்கிய ஃப்ரீசார்ஜ் நிறுவனத்தை, 2017இல் ஆக்சிஸ் வங்கிக்கு 385 கோடி ரூபாய்க்கு விற்றது. வாங்கியபோது அதன் மதிப்பு ஏறத்தாழ 40 கோடி டாலர், அதாவது இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் என்று கூறப்பட்டது. குரூப்பான் 2011 நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு ஏறத்தாழ 1,300 கோடி டாலர். 2013 பிப்ரவரியில் அதன் நிறுவனரையே தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். அதன் இந்தியக் கிளை 2015இல் 'நியர்பை' என்று பெயர் மாறியது. தினத் தள்ளுபடி நிறுவனங்கள் மங்கினாலும் அந்த முறை மங்கவில்லை. பண்டிகைக் கால விற்பனைகளிலும் பத்து நிமிட விநியோகச் செயலிகளிலும் இன்று அதே கணக்குத்தான் நடக்கிறது.

எஞ்சிய ஒரு வகையில் தள்ளுபடியே இல்லை. பொட்டலப் பொருளின் மீது அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். ஆனால் அந்த விலையை எவ்வளவு உயர்த்தி அச்சிடலாம் என்பதற்கு, மருந்து போன்ற சிலவற்றைத் தவிர, வரம்பு இல்லை. 300 ரூபாய் அடக்கமுள்ள சுடிதாரில் 1,999 என்று அச்சிட்டு, அதை அடித்து 499 என்று போட்டால் '75 விழுக்காடு தள்ளுபடி'. வாங்குபவர் தம் பணத்தையே தமக்குத் தள்ளுபடியாகக் கொடுத்துக்கொள்கிறார். 2014 அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட் நடத்திய பெரு விற்பனையின்போது, விலையை முதலில் ஏற்றிப் பின்னர் குறைத்துக் காட்டியதாகப் புகார் எழுந்தது. மறுநாளே அதன் நிறுவனர்கள் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத நேர்ந்தது. அடித்துக் காட்டிய விலை உண்மையானதுதானா என்று சரிபார்க்காத குற்றத்திற்காகக் கனடாவில் அமேசான் 2017இல் 10 இலட்சம் கனடா டாலர் அபராதம் கட்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல், தள்ளுபடி அறிவிப்பவர் அதற்கு முந்தைய 30 நாள்களில் விற்ற மிகக் குறைந்த விலையையே பழைய விலையாகக் காட்ட வேண்டும். வாங்கும் எண்ணமில்லாதவன் ஏலத்தில் விலையை ஏற்றிவிடுவதை 'நஜ்ஷ்' என்று கூறி நம் மார்க்க நூல்கள் தடுத்திருப்பதை ஆலிம்கள் அறிவர். இல்லாத விலையைக் காட்டி ஆசையூட்டுவது அதற்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை அவர்களே விளக்குவது பொருத்தம்.

இணையத்தில் விற்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். தளத்தில் கமிஷன் உண்டா என்று மட்டும் பார்க்காதீர்கள். மீஷோ 2021 முதல் விற்பனையாளரிடம் கமிஷன் வாங்குவதில்லை. பொருளைக் கொண்டு சேர்க்கும் கட்டணத்திலும், பட்டியலில் மேலே காட்டுவதற்கான விளம்பரத்திலும் அது வருமானம் காண்கிறது. ஏதேனும் ஒரு வழியில் தளத்திற்குப் பணம் போய்ச் சேரும். 400 ரூபாய்க்கு ஒரு சுடிதார் விற்பதாகக் கொள்வோம். கொள்முதல் 260. தளத்தின் எல்லாக் கட்டணங்களும் சேர்த்து 90. பை, லேபிள் முதலிய கட்டுச் செலவு 10. மிச்சம் 40. பத்து அனுப்பினால் 400 இலாபம் என்று மனம் கணக்குப் போடும். ஆனால் பத்தில் இரண்டு திரும்பி வருகின்றன. திரும்பும் கூலி தலா 70 ஆக 140. அவற்றின் கட்டுச் செலவு 20. இரண்டில் ஒன்று உடுத்திக் கசங்கி, விற்க இயலாத நிலையில் வருகிறது. அதில் 260 போயிற்று. எட்டு விற்றதில் வந்த 320இலிருந்து 420ஐக் கழியுங்கள். பத்துச் சுடிதார் அனுப்பியவர்க்கு 100 ரூபாய் நட்டம். ஆகவே திரும்பி வரும் விகிதம் தெரியாமல் கடன் வாங்கிச் சரக்கு எடுக்கலாகாது. முதல் மாதம் 50 பீஸ் மட்டும் போட்டு, திரும்பியதை எண்ணி எழுதிப் பார்த்த பின்னரே மேலே செல்லுங்கள். மாநிலத்திற்குள் மட்டும் விற்கும் சிறு விற்பனையாளர்க்கு, வரம்புக்கு உட்பட்ட விற்பனையாயின், 2023 அக்டோபர் முதல் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை என்பது முயன்று பார்ப்பதற்கு வசதியானது.

வாங்கும் குடும்பங்களுக்கும் சில சொற்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயரும் முகவரியும் தளத்தில் இருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்திற்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். 'இன்னும் இரண்டே உள்ளன', 'பத்து நிமிடத்தில் முடிகிறது' என்று பொய்யாக அவசரப்படுத்துவது 2023 நவம்பரில் வெளியான நெறிமுறைகளின்படி தடை செய்யப்பட்டது. குறை இருந்தால் 1915 என்ற எண்ணில் தமிழிலேயே சொல்லலாம். தீராவிட்டால், நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய் வரையெனில் கட்டணம் இல்லை. பொட்டலத்தைப் பிரிக்கும்போது செல்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் கல் இருந்தது என்று பின்னர் வாயால் சொன்னால் எடுபடாது.

நிறைவாக, கடைக்காரர்களிடம் ஒரு யோசனை வைக்கிறேன். காதர்பேட்டையில் ஒரு லாட் முழுவதையும் எடுக்க ஒருவரின் கைமுதல் போதாது. சில்லறையாக எடுத்தால் விலை கூடும். நம் மஹல்லாவின் துணிக்கடைக்காரர்கள் நால்வர் அல்லது ஐவர் சேர்ந்து, ரமலானுக்கு இரண்டு மாதம் முன்பே ஒரு லாட்டை எடுத்துப் பிரித்துக்கொண்டால், இணையத்தில் விற்பவர் வாங்கும் விலையை நாமும் எட்டலாம். லாட்டில் எல்லா அளவும் சமமாக வராது. சிறு அளவே மிகுதியாக வந்து, அதை யார் எடுப்பது என்பதில்தான் கூட்டு முறியும். ஆதலால் எந்த அளவு யாருக்கு எத்தனை, விற்காத பீஸை எந்த விலைக்கு யார் ஏற்பது, போக்குவரத்துச் செலவு எந்த விகிதத்தில் என்பவற்றைப் பணம் போடும் முன்னரே தாளில் எழுதி, அனைவரும் கையொப்பமிட்டு, நிர்வாகக் குழுவிடம் ஒரு படி கொடுத்து வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.